ஜோடி நம்முது இல்ல

அன்னைக்கு வார்டு ஆபீஸ் ரூமில் இருந்தவங்க இவங்கதான்.

சுகாதார இன்ஸ்பெக்டர். நாற்காலியில். காலில் கறுப்பு ஷூ, பாலிஷ் போட்டது.

புகார் கொடுக்க வந்தவர். மெட்ராஸ்காரர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் செல்போன். காலில் ஒன்றும் இல்லை.

அஞ்சலை. எங்க ஆள், கான்ட்ராக்டில் ரோடு கூட்டுகிறவள். இடது காலில் பழுப்புத் தோல் செருப்பு, ஆம்பளை சைஸ். வலது காலில் நீல ரப்பர் செருப்பு.

டிராக்டர் டிரைவர் ஏழுமலை. இவன் ரூமுக்குள் வரவில்லை. வாசலில் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தான். ஆனாலும் அவனையும் சேர்த்துக்கணும். காலில் நல்ல செருப்பு. ரெண்டும் ஒரே கலர்.

அப்புறம் நான். மேஸ்திரி. என் காலில் ஒன்று கறுப்பு, ஒன்று காக்கி.

காலை எதுக்குச் சொல்றேன்னு கேட்பீங்க. விஷயமே காலில்தான் இருக்கு.

புதுசா வேலைக்கு வந்திருக்கிற தம்பிங்களுக்கும் தங்கச்சிங்களுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கன்னு கேட்டாங்க. நான் ஆறாவதோட நின்னவன். எழுத்து கம்மி. விளக்குமாறு எப்படிப் பிடிக்கணும்னு எழுத மாட்டேன். அதை ஒரு வாரத்தில் முதுகே சொல்லிக் கொடுக்கும். ஜனங்க நம்மகிட்ட என்ன எதிர்பார்க்கிறாங்க, நம்ம மேல பழி வந்தா எப்படி நிக்கணும், அது ரெண்டு மட்டும் சொல்றேன்.

ஜனங்க முதல்ல.

நாம வந்தது அவங்களுக்குத் தெரியக் கூடாது. வராதது உடனே தெரியும். அவ்வளவுதான்.

ஒரு தெருவில் ஒரு அம்மா. தினமும் மாடியில் இருந்தே குப்பைப் பையை வீசுவாங்க. வண்டிக்குள்ள விழுந்தா அவங்க கெட்டிக்காரி. ரோட்டில் விழுந்து பை கிழிஞ்சா நாம வேலை தெரியாதவங்க. ஒரு நாள் சாம்பார் அஞ்சலை தலையில் விழுந்தது. அவள் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"அம்மா, நாளைக்கு வீசும்போது ஒரு குரல் குடுங்க. நான் கேட்ச் புடிச்சிட்டா நீங்க அவுட்டு. அப்புறம் கீழ எறங்கித்தான் வரணும்."

அந்த அம்மாவும் ரோஷக்காரி. மறுநாள் குரல் கொடுத்தே வீசினாங்க. அஞ்சலை பிடித்துவிட்டாள். எதிர் வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் கத்தி, விசில் அடிச்சு, தெருவே வெளியே வந்துவிட்டது. அதுக்கு அடுத்த நாளில் இருந்து அந்த அம்மா இறங்கி வந்தாங்க. கோபமாத்தான் வந்தாங்க. வந்தாங்க இல்ல.

இன்னொருத்தர். பல் செட்டைக் காகிதத்தில் மடிச்சு மேசையில் வெச்சிருக்கார். வீட்டுக்காரம்மா குப்பைன்னு நினைச்சுப் போட்டுட்டாங்க. தெருக்கோடியில் டிராக்டரை மறிச்சார். பல் இல்லாத வாயால் என்ன சொல்றார்னு புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. ரோட்டிலேயே கொட்டித் தேடினோம். கிடைச்சது. கழுவி மாட்டினார். மாட்டினதும் அவர் பேசின முதல் பேச்சு, "பாத்து எடுக்க மாட்டீங்களாய்யா?"

வண்டியைக் கிளப்பும்போது ஏழுமலை சொன்னான். "அண்ணே, கொஞ்சம் கம்மியாத் தேடியிருக்கலாம்."

ஏழுமலை அப்படித்தான். அவன் இருந்தா அலுப்பு தெரியாது. இப்ப அவன் டிராக்டரில் இல்லை. கிடங்கில் மக்குற குப்பை, மக்காத குப்பை பிரிக்கிறான். ஏன்னு கீழே வரும்.

இனி செருப்பு.

பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றவங்க வெறுங்காலோட நடக்கணும்னு செருப்பைக் கழட்டி எங்கேயாவது விடுவாங்க. டீக்கடை பெஞ்சுக்கு அடியில், மரத்தடியில், லிங்கக் கோயில் மதில் ஓரத்தில். சுத்தி முடிச்சப்புறம்தான் செருப்பு ஞாபகம் வரும். அப்ப கால் கொப்புளம் போட்டிருக்கும். அவங்க விட்ட இடமும் மறந்திருக்கும். பாதி பேர் அப்படியே பஸ் ஏறிடுவாங்க.

மறுநாள் காலையில் ரோடு எங்களுது. பாக்கு மட்டைத் தட்டு, தண்ணி பாட்டில், சுண்டல் காகிதம், செருப்பு. இதில் செருப்புக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. ஆபீஸில் போட்ட சட்டம் இல்லை. எனக்கு முன்னாடி இருந்த மேஸ்திரி வெச்சது. அவர் ஒரு வரிதான் சொன்னார்.

"ஜோடி நம்முது இல்ல."

ஜோடியா நிக்கிற செருப்பு குப்பை கிடையாது. அதுக்கு ஒரு ஆள் திரும்பி வருவார். மதியம் வரைக்கும் தொடாதே, சுத்திக் கூட்டு. ஒத்தையா கிடக்கிறது குப்பை. வண்டியில் போடு. வேணும்னா காலில் மாட்டிக்கோ.

அதனால எங்க செட்டில் யார் காலைப் பார்த்தாலும் ரெண்டு கலர் இருக்கும். பூட்ஸ் தர்றோம்னு கான்ட்ராக்ட் கம்பெனி சொன்னது. சொல்லிக்கிட்டே இருக்கு. புதுசா வர்றவன் எங்க காலைப் பார்த்துச் சிரிப்பான். ரெண்டு பௌர்ணமி போகட்டும், அவன் காலும் அப்படித்தான். எனக்கு ஒரு வருஷம் ரெண்டுமே இடது காலா அமைஞ்சது. நேரா நடந்தாலும் ஓரமாப் போவேன். குடிச்சிருக்கேன்னு ஒரு அம்மா போன் போட்டுப் புகார் சொன்னாங்க.

எவனாவது ஜோடியாப் போட்டுக்கிட்டு வந்தா எங்க ஆளுங்க சும்மா விட மாட்டாங்க. "எந்தக் கடை? எந்தக் கல்யாணத்துக்கு?"ன்னு கேட்டே கொன்னுடுவாங்க. ஏழுமலைகிட்டயும் கேட்டாங்க. "மாமியார் எடுத்துக் குடுத்தாங்க"ன்னான். அவன் மாமியாரைத் தெரிஞ்சவங்க யாரும் அதை நம்பலை. ஆனா சிரிச்சிட்டு விட்டுட்டாங்க.

அன்னைக்குப் பௌர்ணமி முடிஞ்ச காலை. அடி அண்ணாமலை பக்கம் எங்க பீட்டு, அதாவது நாங்க கூட்ட வேண்டிய ரோடு. ஒரு டீக்கடையில் ஆரம்பிக்கும். ஆளுங்க முன்னாடி கூட்டிக் குவிச்சுக்கிட்டே போகணும். டிராக்டர் பின்னாடி வந்து அள்ளணும். அதுதான் வழக்கம். அன்னைக்கு ஏழுமலை டிராக்டரை முன்னாடி விட்டான்.

"எங்கடா முந்தினு போற?"

"ஒரு டீ அடிச்சிட்டு வெயிட் பண்றேண்ணே. நீங்க மெதுவா வாங்க."

டீதானேன்னு விட்டேன்.

எட்டு மணிக்கு மேல அந்த மெட்ராஸ்காரர் டீக்கடைக்கு வந்திருக்கார். பெஞ்சுக்கு அடியில் குனிஞ்சு பார்த்திருக்கார். ஒன்றும் இல்லை. கடைக்காரர், "குப்பை வண்டி வந்துச்சு சார், அவங்களைக் கேளுங்க"ன்னு கையைக் காட்டியிருக்கார். இவர் எங்க பின்னாடியே வேகமா வந்தார். வெயில் ஏறிடுச்சு. தார் ரோட்டில் ஒரு காலை வெச்சு ஒரு காலை எடுத்து, குதிச்சுக் குதிச்சு வந்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது அஞ்சலையோட இடது கால்.

"அது என் செருப்பு!"

அஞ்சலை கீழே பார்த்தாள். "எது சார்?"

"திருடிட்டு எதுன்னு வேற கேக்கிறியா?" போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பிச்சார். "பாருங்க மக்களே, சாமி கும்பிட வந்த இடத்துல இவங்க பண்ற வேலையைப் பாருங்க. நம்ம வரிப்பணத்துல சம்பளம் வாங்கிக்கிட்டு..."

அஞ்சலை விளக்குமாறைத் தோளில் சாத்தினாள். "சார், மூஞ்சியும் சேத்து எடுங்க. காலை மட்டும் எடுத்தா யாருன்னு தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரம் இல்லை. அவரைச் சமாதானம் பண்ணி ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்தோம்.

இன்ஸ்பெக்டர் வீடியோவை ரெண்டு தடவை பார்த்தார்.

"யோவ் மேஸ்திரி, இன்னாய்யா இது?"

"கேப்போம் சார்."

"கேக்கிறதுக்கு இன்னா இருக்கு? கால்லயே இருக்குதே."

கான்ட்ராக்ட் கம்பெனி ஆளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வெச்சார். அந்த ஆள் முழுசாக் கேக்கக்கூட இல்லை. "சார், அந்தம்மாவை இப்பவே நிறுத்திடறேன். நாளையில இருந்து வேற ஆள் வருவாங்க. வீடியோ மட்டும் வெளிய போகாம பாத்துக்கச் சொல்லுங்க."

போன் கட் ஆனது. அஞ்சலை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டில் சம்பளம்னு வர்றது அவளுடையது மட்டும்தான். புருஷன் படுக்கையில். பொண்ணு கீழ்பென்னாத்தூரில் இருந்து பஸ் ஏறி வந்து நர்சிங் படிக்குது. முதல் வருஷம். நான் இதை அங்கே சொல்லலை. சொன்னா திருடினதுக்குக் காரணம் சொல்றதா ஆயிடும்.

"ஒண்ணு இவ கால்ல இருக்கு. இன்னொண்ணு இவ வீட்ல இருக்கும்"ன்னார் மெட்ராஸ்காரர். "தோல் செருப்பு சார். என் மச்சான் ஆசையா வாங்கிக் குடுத்தது."

"ஒத்தைச் செருப்பை வீட்ல வெச்சு இன்னா சார் பண்ணுவேன்? ஊறுகா போடவா?"

"வாயை மூடும்மா"ன்னார் இன்ஸ்பெக்டர். "எங்க எடுத்த, அதை மட்டும் சொல்லு."

"டீக்கடைக்கு அந்தாண்ட. காவா ஓரத்துல கவுந்து கெடந்துச்சு. ஒண்ணுதான் கெடந்துச்சு. என் எடது செருப்பு வாரு அறுந்துடுச்சு. அதைக் குப்பையில போட்டேன், இதை மாட்டிக்கினேன். ஒத்தை எங்களுது சார். எல்லாருக்கும் தெரியும்."

"நான் ரெண்டையும் ஒண்ணா, பெஞ்சுக்கு அடியில விட்டேன். காவா ஓரத்துக்கு அது ஒண்ணு மட்டும் எப்படிப் போச்சு? நடந்தா போச்சு?"

நல்ல கேள்வி. எனக்கும் அதே கேள்விதான்.

ஜன்னல் வழியா வெளியே பார்த்தேன். ஏழுமலை டிராக்டர் மேல உட்கார்ந்திருந்தான். ஊரில் எங்கே சண்டை நடந்தாலும் முதல் ஆளா உள்ளே வந்து நிக்கிறவன். அன்னைக்கு வரலை. கால் ரெண்டையும் ஒரு சாக்கு மேல வெச்சிருந்தான். ஒரே கலர் செருப்பு.

டிராக்டர் முன்னாடி போனது ஞாபகம் வந்தது.

ஜோடியா நிக்கிறதைத் தொடக் கூடாது. சரி. ஜோடியில் ஒண்ணை உதைச்சுத் தள்ளினா? அது ஒத்தை. இதுவும் ஒத்தை. ரெண்டும் குப்பை. ரெண்டையும் எடுக்கலாம். சாக்குக்குள்ள போனதும் மறுபடியும் ஜோடி. இந்தத் தடவை, தள்ளின ஒண்ணை அவன் எடுக்கிறதுக்குள்ள அஞ்சலை மாட்டிக்கிட்டா போல. எங்க சட்டத்தை மீறாமலே எங்க சட்டத்தை விழுங்கியிருக்கான். எனக்குக் கோபம் வரலை முதல்ல. அடப்பாவி, எனக்குத் தோணலையேன்னுதான் இருந்தது.

இதெல்லாம் என் நினைப்பு. கையில் ஒன்றும் இல்லை. சாக்கில் வெறும் பாட்டில் இருந்தா? அஞ்சலைக்கு வேலை போகும், ஏழுமலை யோக்கியனாயிடுவான், என் பேச்சுக்கு அப்புறம் மதிப்பு இருக்காது. செருப்பே இருந்தாலும் இந்த ஆள் என்ன சொல்வார்? ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்வார். ஒருத்திக்குப் பதில் ரெண்டு பேர் போவாங்க. பேசாம இருந்தா அஞ்சலை இப்பவே போறாள். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்துட்டார்.

"சார்"ன்னு கூப்பிட்டேன். இன்ஸ்பெக்டரை இல்லை, மெட்ராஸ்காரரை. "சின்ன வயசுல புளியங்கொட்டை வெச்சு ஒத்தையா ரெட்டையா ஆடியிருக்கீங்களா?"

"யோவ், எந்த நேரத்துல இன்னா பேசுற?"ன்னார் இன்ஸ்பெக்டர்.

"ஆடியிருக்கேன்"ன்னார் மெட்ராஸ்காரர். அவரை அறியாம வந்துடுச்சு.

"வெளிய டிராக்டர்ல ஒரு சாக்கு இருக்கு சார். அதுல செருப்பு இருக்கும்னு நெனைக்கிறேன். விக்கிறதுக்குச் சேத்தது. விக்கிறவன் ஜோடியாத்தான் சேப்பான். ஒத்தையை எவன் வாங்குவான்? அதனால ரெட்டைப்படையாத்தான் இருக்கணும். எண்ணுவோம். ரெட்டை வந்தா, உங்க இன்னொரு செருப்பு அதுல இல்ல, அஞ்சலைதான் வெச்சிருக்கா. அவ போட்டிருக்கிற யூனிஃபார்ம் கோட்டை நானே கழட்டி இந்த மேசை மேல வெக்கிறேன். கூடவே என் கோட்டையும் வெக்கிறேன்."

"ஒத்தை வந்தா?"

"அந்த ஒத்தைக்கு ஜோடி அஞ்சலை கால்ல இருக்கு. கூட்டாளின்னா விக்கிற ஜோடியில ஒண்ணை உருவிக் கால்ல மாட்டிக்குவாளா சார்? அவ வேலை பாத்தா. குப்பைன்னு நெனைச்சு ஒத்தையை எடுத்தா. அவ்ளோதான்."

மெட்ராஸ்காரர் வேட்டியை மடிச்சுக் கட்டினார். "நான்தான் எண்ணுவேன். உங்க ஆளுங்க ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

"அதைத்தான் சார் நானும் கேக்கலாம்னு இருந்தேன்."

வெளியே போனேன். "ஏழுமலை, அந்தச் சாக்கை எடுத்துனு வா."

"பாட்டில்ண்ணே அது."

"பாட்டில்னா சத்தம் வரும். ஒரு ஒதை விடு, கேப்போம்."

உதைக்கலை.

"நீயா எடுத்தாந்தா ஒரு மாதிரி. நான் எடுத்தாந்தா வேற மாதிரி. உன் இஷ்டம்."

அவனே தூக்கிட்டு வந்து வராண்டாவில் வெச்சான். அப்புறம் தூண் பக்கம் போய் நின்னான். யாரையும் பார்க்கலை.

மெட்ராஸ்காரர் சாக்கு வாயைப் பிரிச்சார். மூக்கைச் சுளிச்சார். ஊரான் செருப்பு, அதுவும் ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்தது.

"கிளவுஸ் வேணுமா சார்?" அஞ்சலை தன்னோடதைக் கழட்டி நீட்டினாள். ஒண்ணு ஆரஞ்சு, ஒண்ணு நீலம். அவர் பார்த்தார். வாங்கி மாட்டிக்கிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தறேன். அவர் கை சாக்குக்குள்ள இருக்கட்டும்.

உங்க மேல ஒரு நாள் பழி வரும். கட்டாயம் வரும். குப்பை எடுக்கிறவன் கை வெச்சிருப்பான்னு நினைக்கிறது ஜனங்களுக்கு ரொம்ப சுலபம். அப்ப அழாதீங்க. யார் காலிலும் விழாதீங்க. அண்ணாமலையார் மேல சத்தியம் பண்ணாதீங்க, சத்தியத்தை யாரும் நம்பப் போறது இல்லை. பழி சொல்றவர் கையிலேயே வேலையைக் கொடுங்க. அவர் கண்ணை அவர் நம்புவார்.

நம்ம ஆளே தப்புப் பண்ணியிருந்தா? நம்ம ஆள்னு மூடி வெக்காதீங்க, ஒரு அஞ்சலை போயிடுவா. நினைப்பை மட்டும் வெச்சுக்கிட்டுப் பேரைச் சொல்லியும் கத்தாதீங்க. அன்னைக்கு ஒத்தை வரும்னு எனக்கு எந்த நிச்சயமும் கிடையாது. வேற வழி தெரியலை.

சட்டம் தெரியாதவன் செய்யுற தப்பு சின்னது. நல்லாத் தெரிஞ்சவன்கிட்ட ஜாக்கிரதையா இருங்க.

சரி, சாக்கு.

அவர் ஒவ்வொண்ணா எடுத்தார். எடுத்து வராண்டாவில் வரிசையா வெச்சார். சிவப்பு வார், அதோட ஜோடி. பச்சை ரப்பர், அதோட ஜோடி. குழந்தைச் செருப்பு, மிதிச்சா பீப்பீன்னு கத்துறது, அதோட ஜோடி. கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்துட்டார்.

"அந்தக் கறுப்பு இதுக்கில்ல சார், அது அந்தக் கடைசில இருக்கே, அதுக்கு. பக்கிளைப் பாருங்க."

பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவங்க, வரி கட்ட வந்தவங்க எல்லாம் சுத்தி நின்னுட்டாங்க. ஜோடி சேரும்போதெல்லாம் ஒரு தாத்தா கை தட்டினார். தூண் பக்கம் ஏழுமலை மெதுவா தன் செருப்பைக் கழட்டி, காலாலேயே பின்னாடி தள்ளினான்.

"இன்னாடா ஏழுமலை, தரை சில்லுனு இருக்குதா?"ன்னாள் அஞ்சலை.

அவன் தூணுக்குப் பின்னாடி நகர்ந்தான். அவனை அப்படி நான் பார்த்தது இல்லை.

சாக்கு இளைச்சுக்கிட்டே வந்தது. கடைசியில் தரையோட படுத்துடுச்சு. வரிசையைப் பார்த்தேன். பதினெட்டு ஜோடி. எல்லாம் ஒழுங்கா, கல்யாண மண்டப வாசல் மாதிரி நின்னது. ஒத்தைன்னு ஒண்ணுகூட இல்லை.

மெட்ராஸ்காரர் சாக்கைத் தலைகீழாப் பிடிச்சு உதறினார். மண்ணு கொட்டியது. ஒரு சுண்டல் விழுந்தது.

"ரெட்டை"ன்னார்.

கை தட்டின தாத்தா கையை இறக்கினார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்காம அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை கோட்டோட முதல் ஊக்கைக் கழட்டினாள். நானும் என்னோடதில் கை வெச்சேன்.

அப்பத்தான் தோணுச்சு. டீக்கடை எங்க பீட்டோட முதல் இடம். முதல்ல போட்டது அடியிலதான் இருக்கும். சாக்கோ ஈரம்.

"சார், மூலையில பாத்தீங்களா?"

"உதறியாச்சேய்யா."

"உதறினா வராது சார். கை விட்டுப் பாருங்க. ரெண்டு மூலையும்."

அவர் அலுத்துக்கிட்டே ஆரஞ்சு கையை உள்ளே விட்டார். ஒரு மூலையில் ஒன்றும் இல்லை. நீலக் கையை விட்டார். தோள் வரைக்கும் போச்சு. அந்தக் கை அப்படியே நின்னுடுச்சு. மெதுவா வெளியே வந்தது.

பழுப்புத் தோல். வலது கால்.

வரிசையோட கடைசியில் அவரே வெச்சார். அஞ்சலை இடது காலில் இருந்ததைக் கழட்டலை. அப்படியே நடந்து போய், அதுக்குப் பக்கத்தில் காலை வெச்சுக்கிட்டு நின்னாள்.

"எத்தனை சார்?"ன்னு கேட்டார் இன்ஸ்பெக்டர். "நீங்கதானே எண்ணினீங்க. சத்தமாச் சொல்லுங்க."

சொன்னார்.

முப்பத்தேழு.